ராத்திரி வரவும்

அன்புள்ள ஐயாவுக்கு,

தாராபுரம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். (2020 மே மாதம் 58 முடிந்து போயிருக்க வேண்டியவன். அரசு அந்த மாதமே ஓய்வு வயதை 59 ஆக்கியது, அடுத்த வருடம் 60 ஆக்கியது. எனக்கு மோதிரம் போடச் சக ஆசிரியர்கள் வசூலித்த பணம் இரண்டு வருடம் ஒருவரிடமே இருந்து, கடைசியில் கைக்கடிகாரமாக வந்து சேர்ந்தது. அது வேறு கதை.) உங்களைப் போல நகைச்சுவைக் கட்டுரைகள் எழுத ஆசை. ஆனால் சின்ன ஊரில் எழுதும்படி என்ன நடக்கிறது? ஆகவே மாணவர்கள் விடைத்தாளில் செய்த வேடிக்கையான தவறுகளைத் தொகுத்து மூன்று பக்கம் இணைத்திருக்கிறேன். என் மனைவி படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. புனைபெயர் வைத்துக்கொள்ளலாமா? பதிப்பாளர் யாரை அணுகுவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

அன்புள்ள சார்,

வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நானும் சிரிக்கவில்லை.

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பந்தி முழுக்க இதே சரக்கைத்தான் அவிழ்த்துவிட்டார். ஒருத்தன் இப்படி எழுதினானாம், இன்னொருத்தன் அப்படி எழுதினானாம். எதிர் வரிசையில் அவருடைய பழைய மாணவர்களே நாலைந்து பேர் இலைமுன் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த எரிச்சல் ஆறுவதற்குள் உங்கள் மூன்று பக்கம் வந்து சேர்ந்தது. அதனால் கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பக்கத்தில், ‘சிவதனுசை ஒடித்தது யார்?’ என்ற கேள்விக்கு ‘நான் இல்லை சார்’ என்று ஒரு பையன் பதில் எழுதியதாகச் சொல்கிறீர்கள். எந்த வருடம் சார்? நான் ஆசிரியர் பயிற்சி படிக்கும்போதே அந்தப் பையன் ‘நான் இல்லை’ என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். இன்னும் அவனை விடமாட்டேன் என்கிறீர்களே.

இரண்டாம் பக்கத்தில் ஒன்று நிஜம் என்று தெரிகிறது. ‘ஆகுபெயர் என்றால் என்ன?’ ‘இனிமேல் ஆகப்போகும் பெயர்.’ இதில் சிரிக்க என்ன இருக்கிறது? பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை. வெறும் தாளைக் கொடுக்க மனமில்லாமல், சொல்லைப் பிரித்துப் பார்த்து, கையில் இருந்ததை வைத்து ஒரு விளக்கம் கட்டியிருக்கிறான். தமிழாசிரியர் பெருமைப்பட வேண்டிய இடம் அது. ஆகுபெயரை அவனுக்கு வகுப்பில் புரியும்படி நடத்தாமல் விட்டது யார் என்று நான் கேட்கப் போவதில்லை. நீங்களும் ‘நான் இல்லை சார்’ என்று சொல்லிவிடுவீர்கள்.

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. அதன் 17ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிக்கவும் கூடாது, மன உளைச்சல் தரவும் கூடாது என்கிறது. நாம் பாதியைத்தான் படித்தோம். பிரம்பை பீரோ மேலே தூக்கிப் போட்டுவிட்டு, ஆசிரியர் அறையில் நோட்டைப் பிரித்து உரக்க வாசித்துச் சிரிப்பதை மட்டும் விடவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அதையே அச்சில் போடலாமா என்று கேட்கிறோம்.

திருச்சியில் ஒரு விடைத்தாள் திருத்தும் முகாம். பத்தாம் வகுப்புத் தமிழ். ஏப்ரல் வெயில், தலைக்கு மேலே மின்விசிறி சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தது. குடிநீர் வசதி வேண்டி நகராட்சி ஆணையருக்குக் கடிதம் எழுதச் சொல்லி ஒரு கேள்வி. கட்டுக் கட்டாக எல்லாப் பிள்ளைகளும் நோட்ஸில் இருந்ததை அப்படியே இறக்கியிருந்தார்கள். ‘ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்ற வரியைப் பார்த்துப் பார்த்து எனக்கே தாகம் எடுத்துவிட்டது.

அப்போது பக்கத்து மேஜைக்காரர் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து வாசிக்க ஆரம்பித்தார். ‘ஐயா, எங்கள் தெருக் குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணி வருது. அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு. நீங்கள் பகலில் வந்து பார்த்தால் குழாய் நல்லாத்தான் இருக்கும். அதனால் ராத்திரி வரவும். எங்க அம்மா முழிச்சிருப்பாங்க.’

அறையே குலுங்கியது. ‘ராத்திரி வரவும்’ அன்று மாலை வரை அங்கே பழமொழியாகிவிட்டது. டீ குடிக்கக் கூப்பிட்டால்கூட ‘ராத்திரி வரவும்’.

யோசித்துப் பாருங்கள் சார். அந்த முகாமில் அவ்வளவு தாள்களில் கடிதம் என்று ஒன்றை எழுதியவன் அவன் ஒருத்தன்தான். ஆணையர் பகலில்தான் வருவார், வந்து குழாயைப் பார்த்துவிட்டு ‘நல்லாத்தானே இருக்கு’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பதினைந்து வயதில் ஓர் அலுவலகம் எப்படி ஓடுகிறது என்பதை இரண்டே வரியில் வைத்துவிட்டான். நீங்களும் நானும் மூன்று பக்கம் எழுதினாலும் வராது. நகைச்சுவை எழுத்தாளர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சை எழுதிவிட்டுப் போயிருக்கிறார், திருத்த வந்தவர்களுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

பேச்சு வழக்கில் எழுதியிருக்கிறான், உறைமேல் முகவரி இல்லை, விடைக்குறிப்பின்படி குறைத்தே ஆகவேண்டும் என்றார் முதன்மைத் தேர்வாளர். குறையுங்கள், அந்தக் கடிதத்துக்கு மட்டும் கை வைக்காதீர்கள் என்று நான் போட்ட சண்டையில் டீ ஆறிப்போனது. கடைசியில் அரை மதிப்பெண் மீட்டேன். அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வந்ததா என்று தெரியாது.

சின்ன ஊரில் ஒன்றும் நடப்பதில்லை என்கிறீர்கள். இதற்குப் பதில் சொல்லக்கூட எனக்குப் பொறுமை இல்லை. உயிரோடு இருக்கிறோம் என்று வருடா வருடம் காட்டும் ஓய்வூதியர் நேர்காணலுக்குக் கருவூலத்துக்குப் போயிருப்பீர்களே? முன்பெல்லாம் ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரைக்கும் கிழடுகள் எல்லாம் ஒன்றாகப் போய் வேப்பமரத்தடியில் சர்க்கரை அளவைப் பேசிக்கொண்டிருப்போம். பிறகு அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் போனால் போதும் என்று ஆக்கி, அந்தத் திருவிழாவையும் கலைத்துவிட்டார்கள். போன தடவை போனபோது மேஜைக்குப் பின்னால் என் பழைய மாணவன். எழுந்து நின்று கும்பிட்டான், நாற்காலி போட்டான், தண்ணீர் கொடுத்தான். நான் உயிரோடு இருப்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. கையெழுத்தில்தான் சந்தேகம். ‘சார், பழைய கையெழுத்து மாதிரி இல்லையே. அவசரப்படாம, நிதானமா, ஒழுங்காப் போடுங்க’ என்றான். அவனுடைய இரட்டைக் கோடு நோட்டைப் பார்த்து நான் சொன்ன அதே வார்த்தை, அதே ராகம். நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டேன். ‘இப்பப் பரவாயில்லை சார்’ என்றான்.

இப்படி எழுதுங்கள். நம்மை உட்கார வைத்து எழுதுங்கள். அடைப்புக்குறிக்குள் ஒரு மோதிரக் கதையை அடைத்து, ‘அது வேறு கதை’ என்று தள்ளிவிட்டீர்களே, எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். பணம் யாரிடம் இருந்தது? நடுவில் தங்கம் விலை ஏறியபோது அவர் என்ன சொன்னார்? பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த அந்த வருடத்தில் அவர் கணக்குக் காட்டினாரா? கடிகாரம் ஓடுகிறதா? வீட்டில் அதற்கு என்ன பேச்சு விழுந்தது? மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதி அனுப்புங்கள். முதலில் வீட்டம்மாவிடம் காட்டுங்கள். அவர் சிரித்தால் மட்டும் எனக்கு அனுப்பினால் போதும்.

புனைபெயர் வேண்டாம். மோதிரப் பணம் வைத்திருந்தவர் முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

பதிப்பாளரைப் பற்றி இப்போதே என்ன கவலை? ‘பாதிச் செலவு உங்களுடையது சார், ஐந்நூறு பிரதி நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஓய்வூதியப் பணிக்கொடையைக் குறிவைத்து யாராவது வந்தால், மோர் கொடுத்து வாசலோடு அனுப்பிவிடுங்கள். எனக்கு வந்தவருக்கு நான் காபியே கொடுத்தேன். பரணில் இன்னும் நானூறு பிரதி இருக்கிறது. அடுத்த முறை குளித்தலைப் பக்கம் வந்தால் பத்து எடுத்துக்கொண்டு போங்கள்.