மீட்டரில் 2.15 வோல்ட், ஆனால் எல்.இ.டி. எரியவில்லை

வணக்கம். இரண்டு டேனியல் கலங்களை (செம்பும் துத்தநாகமும் தத்தம் உப்புக் கரைசலில் நிற்கும் மின்கலங்கள்) தொடராக இணைத்து, மீட்டர் 2.15 வோல்ட் காட்டியும் சிவப்பு எல்.இ.டி. எரியவில்லை என்கிறீர்கள். முதலில் அதன் நீளக்கால் செம்புப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மின்முனைகளைச் சந்தேகிக்க வேண்டாம். மின்முனை மின்னழுத்தம் செம்புக்கு +0.34, துத்தநாகத்துக்கு −0.76 வோல்ட்; இரண்டின் வித்தியாசமாகக் கலத்துக்கு 1.10, இரு கலங்களுக்கு 2.20 வோல்ட் வரவேண்டும், கிட்டத்தட்ட வந்துவிட்டது. மயில்துத்தத்தை (செம்பு சல்பேட்) இன்னும் கொட்டிப் பயனில்லை. செறிவு பத்து மடங்கு கூடினாலும் 0.03 வோல்ட்தான் ஏறும்.

கோளாறு, இரு கரைசல்களையும் இணைக்கும் உப்புப் பாலத்தில்தான். ஒற்றை வடிதாள் பட்டைக்கு மின்தடை மிக அதிகம். மீட்டர் மின்னோட்டத்தை ஏறக்குறைய இழுப்பதே இல்லை, அதனால் அந்தக் கோளாறு மறைந்திருக்கிறது. எல்.இ.டி. சில மில்லியாம்பியர் கேட்டதும் மின்னழுத்தம் பாலத்திலேயே விழுந்துவிடும். எல்.இ.டி. இணைந்திருக்கும்போதே அளந்தால் இது தெரியும்.

பீக்கர்களை ஒட்டி வையுங்கள். நாலைந்து பட்டைகளைச் சேர்த்து மடித்து, தெவிட்டிய பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, குட்டையான பாலமாகப் போடுங்கள். தகடுகள் அகலமாக மூழ்கட்டும். சிவப்பு எல்.இ.டி.க்கே சுமார் 1.8 வோல்ட் வேண்டும் என்பதால் மூன்றாவது கலத்தையும் சேர்த்துவிடுங்கள்.

பாலத்தை எடுத்துவிட்டு இரு கரைசல்களையும் கலக்க மட்டும் வேண்டாம். செம்பு அயனிகள் துத்தநாகத்தின் மேலேயே எலக்ட்ரானை வாங்கிப் படிந்துவிடும், கம்பிக்கு எதுவும் மிஞ்சாது. தகட்டில் ஏற்கெனவே கருப்புப் படிவு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.