தேயிலைத் தோட்டத்தை அடகு வைத்து மகனை டென்னிஸ் ஆட அனுப்பலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. நான் அரசுப் பள்ளி ஆசிரியை. ஓய்வுபெற இன்னும் நான்கு ஆண்டுகள். 23 வயது மகன் டென்னிஸில் ஒற்றையர் ஆட்டத்தை விட்டுவிட்டு, இனி இரட்டையர் மட்டும் ஆடப்போவதாகச் சொல்கிறான். தரவரிசை 500-ஐ ஒட்டி இருக்கிறது. ஆண்டுக்கு ரூ.18 லட்சம் வீதம் இரண்டு ஆண்டுகளுக்குக் கேட்கிறான். வங்கி வைப்பில் ரூ.14 லட்சம் வைத்திருக்கிறேன். மீதிக்குத் தோட்டத்தின் பேரில் கடன் வாங்கலாமா? பரிசுப் பணத்தில் வெளிநாட்டிலேயே வரி பிடிக்கிறார்களாம், அது திரும்பக் கிடைக்குமா? (பெயர் வேண்டாம், கோத்தகிரி)

பதில்: தோட்டத்தைத் தொடாதீர்கள். மகனின் திறமையில் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. கடனுக்கு மாதாமாதம் தவணை உண்டு; அவர் வருமானத்துக்கு மாதமே கிடையாது. தோட்டமும் அப்படித்தான் என்பது உங்களுக்கே தெரியும். கவாத்து வெட்டினால் சில மாதம் கொழுந்து இல்லை, டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் அதுவும் போயிற்று. நிலையில்லாத இரண்டு வருமானங்களை ஒரே தவணையில் கட்டிப்போட்டால் முதலில் கைவிட்டுப் போவது நிலம்தான்.

இரட்டையர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தது தவறான யோசனை அல்ல. உடம்பு தேய்மானம் குறைவு, ஆடும் காலம் நீளம். குடகைச் சேர்ந்த ரோகன் போபண்ணா 2024-இல் ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டம் வென்று உலகின் முதலிடத்துக்கு வந்தபோது வயது 43. அதே ஆண்டு செப்டம்பரில் நம் ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் சேர்ந்து சீனாவின் ஹாங்சோவில் ஏடிபி 250 என்ற உலகச் சுற்றுப் போட்டியில் பட்டம் வென்றார்கள். ஆனால் அந்த உயரத்துக்குப் போகும் வழியில் காசு இல்லை.

பரிசுத் தொகை எப்போதும் இணைக்குத்தான் அறிவிக்கப்படும், ஆளுக்கு அல்ல. பெற்றோர் போடும் கணக்கு முதலில் பிசகுவது இங்கேதான். மிகக் கீழ்ப்படியான எம்15 போட்டியில் மொத்தம் 16 இணைகள். நான்கு ஆட்டம் வென்று கோப்பை வாங்கினாலும் இணைக்கு ஆயிரம் டாலருக்குள்தான், ஆளுக்கு ரூ.40,000 சுமார். முதல் சுற்றில் தோற்றால் ஆளுக்கு நூறு டாலர்கூட வராது. விமானம், அறை, சாப்பாடு சேர்த்து ஒரு வாரத்துக்கு ரூ.50,000 என்று வைத்தால், கோப்பை வென்ற வாரமும் நஷ்ட வாரம்தான். மேலே போனால் கதை வேறு: 2025 விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்ற இணைக்கே 16,500 பவுண்டு, வென்ற இணைக்கு 6,80,000. ஆனால் விம்பிள்டன் போன்ற கிராண்ட் ஸ்லாம் போட்டியில் இடம் 64 இணைகளுக்குத்தான். அதிலும் ஒற்றையர் தரவரிசையைக் காட்டி உள்ளே வருபவர்கள் உண்டு. இரட்டையர் மட்டும் ஆடுபவர், தன் தரவரிசை எண்ணும் கூட்டாளியின் எண்ணும் கூட்டி வரும் தொகையால்தான் நுழைய முடியும். இருவருமே ஏறக்குறைய முதல் 70, 80-க்குள் இருக்க வேண்டும்.

அதனால் நான் சொல்வது 12 மாதம் மட்டும். உங்கள் கையிலிருந்து ரூ.8 லட்சம். அந்தப் பணம் திரும்பி வராது என்று இன்றே மனதில் எழுதிவிடுங்கள். மீதி ரூ.6 லட்சம் வைப்பில் இருக்கட்டும், உங்கள் வருங்கால வைப்புநிதி (ஜிபிஎஃப்) பக்கம் போகவே வேண்டாம். அவர் கேட்ட 18 லட்சத்தில் போட்டி வாரங்கள் 24 என்று இருந்தால், அதை 16 ஆகக் குறைத்து, ஒரே ஊரில் மூன்று நான்கு வாரம் தொடர்ந்து போட்டி நடக்கும் இடங்களாகப் பார்க்கச் சொல்லுங்கள். துனிசியாவின் மொனாஸ்டிர் அப்படிப்பட்ட ஊர். விமானச் செலவு நான்காகப் பங்காகும். 'ப்ளஸ் எச்' என்று குறிப்பிட்ட போட்டிகளில் அறை வசதி உண்டு. அது இரட்டையர் மட்டும் ஆடுபவருக்கும் கிடைக்குமா என்பதை அந்தப் போட்டியின் விவரத்தாளில் (ஃபேக்ட் ஷீட்) பார்த்தபிறகே டிக்கெட் போட வேண்டும்.

நரம்பை 200 மீட்டர் சுருளாக வாங்கினால் ராக்கெட்டுக்கு 12 மீட்டர் கணக்கில் 16 முறை கட்டலாம். ஒவ்வொன்றாக வாங்குவதைவிட மலிவு. வடகிழக்குப் பருவ மழையில் குன்னூர், கோத்தகிரி மைதானங்கள் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அந்த மாதங்களுக்குக் கோவையில் வாடகை என்று தனியாக ஒரு வரி எழுதாத பட்ஜெட் நவம்பரிலேயே உடையும். கோடையில் ஜெர்மனி, பிரான்ஸ் கிளப் லீக்குகளில் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று சம்பளம் பேசி ஆடலாம், தங்குமிடமும் பேசிக்கொள்ளலாம். இந்த ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் இருக்க முடியும் என்பதை மறந்து டிக்கெட் போடுபவர்கள் உண்டு.

12 மாத முடிவில் அவர் தரவரிசை 300-க்குள் வந்திருந்தால் அடுத்த ஆண்டைப் பற்றிப் பேசலாம். 450-இலேயே நின்றிருந்தால் நிறுத்திவிட வேண்டும். இந்த எண்ணை இப்போதே இருவரும் கையெழுத்திட்டு வையுங்கள். தோற்ற மாதத்தில் பேசினால் சண்டைதான் மிஞ்சும். தரவரிசைப் புள்ளிகள் 52 வாரத்தில் உதிர்ந்துவிடும் என்பதால், இரண்டு மாதம் காயம் பட்டாலும் எண் சரியும். அந்தச் சரிவை மட்டும் கணக்கில் விட்டுக்கொடுங்கள்.

இனி வரி. இந்தியாவில் வசிப்பவர் என்றால் உலகில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே காட்ட வேண்டும். பிரிட்டனில் பரிசிலிருந்து 20 சதவீதமும் அமெரிக்காவில் 30 சதவீதமும் பிடிப்பார்கள். இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருந்தாலும், விளையாட்டு வீரருக்கு ஆட்டம் நடந்த நாடு வரி போடலாம். அதை இங்கே கழித்துக்கொள்ளப் படிவம் 67 தாக்கல் செய்ய வேண்டும், வரி பிடித்த சான்று கையில் இருக்க வேண்டும். போட்டி முடிந்த அன்றே அலுவலகத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், ஆறு மாதம் கழித்து எழுதினால் பதில் வராது.

ஆனால் உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. வெளிநாட்டு வரியை, அந்த வருமானத்துக்கு இங்கே வரும் வரி அளவுக்குத்தான் கழிக்கலாம். 2025-26 நிதியாண்டில் புதிய வருமான வரி முறையில் ரூ.12 லட்சம் வரை வரியே இல்லை. அவர் இப்போது நஷ்டத்தில் ஆடுபவர். இங்கே வரி பூஜ்யம் என்றால் கழிக்கவும் ஒன்றும் இல்லை. பட்ஜெட்டில் வரவை எழுதும்போது வரி போக வரும் தொகையையே எழுதுங்கள்.

அந்த நஷ்டம்தான் அவருக்குச் சொத்து. பரிசுப் பணம் லாட்டரி மாதிரி அல்ல, தொழில் வருமானம். பயணம், பயிற்சியாளர், நரம்பு, பிசியோ எல்லாம் செலவாகக் கழியும். வரவில் ஒரு பங்கை லாபமாகக் காட்டும் 44ஏடிஏ பிரிவின் எளிய கணக்கு விளையாட்டு வீரர்களுக்கு இல்லை, எனவே ரசீதுகளோடு கணக்கு எழுதி ஐடிஆர்-3 படிவத்தில் ரிட்டர்ன் போட வேண்டும். கடைசித் தேதிக்குள் போட்டால் நஷ்டத்தை எட்டு ஆண்டு வரை முன்னே கொண்டுபோகலாம். ஒரு நாள் தாமதித்தால் அது போய்விடும். 'வருமானமே இல்லை, எதற்கு ரிட்டர்ன்' என்று விடுவதுதான் நான் பார்க்கும் பொதுவான தவறு. 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறும், ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் வங்கிக் கணக்கு திறந்தால் அதையும் ரிட்டர்னில் காட்டியாக வேண்டும்.

நீங்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பினால், அனுப்பும் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் ரூ.10 லட்சம் வரை வங்கி முன்கூட்டிப் பிடிக்கும் வரி (டிசிஎஸ்) இல்லை. மேலே போனால் 20 சதவீதம் பிடித்து, ரிட்டர்னில்தான் திரும்பும். ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றுவதும் இதில் சேரும். நான் சொன்ன 8 லட்சத்துக்கு இந்தத் தொல்லை வராது.

சாதாரணப் பயணக் காப்பீட்டிலும் விபத்துக் காப்பீட்டிலும் தொழில்முறை விளையாட்டில் வரும் காயத்தை விலக்கி வைத்திருப்பது வழக்கம். பாலிசியில் அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டு, தொழில்முறை ஆட்டக்காரருக்கென்று எழுத்தில் சேர்த்துத் தரும் பாலிசியையே எடுங்கள்.

கூட்டாளியோடு ஒரு பக்கத் தாளில் ஒப்பந்தம் இருக்கட்டும். அறை வாடகை பாதிப் பாதியா, பயிற்சியாளர் சம்பளம் எப்படி, ஒருவர் கடைசி நேரத்தில் விலகினால் மற்றவரின் டிக்கெட் செலவு யார் தலையில்? நல்ல நண்பர்களிடையேயும் பணத்தகராறு முதலில் வருவது இந்த மூன்றாவது கேள்வியில்தான்.

தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. வெளிநாட்டு வாரங்களுக்காக தேசியச் சாம்பியன்ஷிப்பை விட்டுவிட வேண்டாம். அந்தச் சான்றிதழ்தான் இந்த ஒதுக்கீட்டுக்குக் கைகொடுக்கும். பயணச் செலவுக்குத் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையில் விண்ணப்பிப்பதையும் இந்த மாதமே செய்யச் சொல்லுங்கள், வங்கி வைப்பை உடைப்பதற்கு முன்.