லாஸ் வேகாஸ்: ஒருவருக்கு ஆசை, ஒருவருக்கு அரைமனசு

கேள்வி: மகனைப் பார்க்க அமெரிக்கா போகிறோம். கணவருக்கு லாஸ் வேகாஸ் பார்க்க ஆசை. சூதாட்ட ஊர் என்பதால் எனக்கு மனசே ஒப்பவில்லை. ஜோடியாகப் போய் வந்தவர்கள் சொல்லுங்களேன், போகலாமா, விட்டுவிடலாமா?

எங்கள் வீட்டில் இது தலைகீழ். போயே ஆகணும் என்று அடம் பிடித்தது நான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர் வீட்டுக்காரர்.

அவர் முகம் ஏன் அப்படிப் போயிற்று என்பதைச் சொல்லாமல் வேகாஸ் கதையைச் சொல்ல முடியாது. எங்களுக்குச் செங்கோட்டை. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். மேற்கே புளியரை தாண்டி மலை ஏறினால் கோட்டைவாசல், அதற்கு அந்தப் பக்கம் கேரளா. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்கள். கேரளத்திலோ 1967-லிருந்து அரசாங்கமே நடத்துகிறது. தடை வந்த பிறகு எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் பலருக்கு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆரியங்காவு ஐயப்பன் மேல் திடீர் பக்தி வந்துவிட்டது. என் மாமனாருக்கும் வந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை தரிசனம். அவர் மலையாள எழுத்து படித்ததே டீக்கடைப் பேப்பரில் ரிசல்ட் பார்ப்பதற்குத்தான். ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று ஒரு காலத்தில் நம் ஊரில் லாட்டரிக்கு விளம்பரம் உண்டு. எங்கள் வீட்டில் இரண்டாவது பாதிதான் நடந்தது, அதுவும் அடுத்த நாட்டுக்கு. ஒன்றரை ஏக்கர் வயல் போனது. 2023 ஓணம் பம்பர் 25 கோடி, வாளையாரில் வாங்கிய டிக்கெட்டில் தமிழ்நாட்டு ஆட்கள் நாலு பேருக்கு விழுந்தபோது இவர் சொன்னார்: “நல்லவேளை அப்பா இல்ல. இருந்திருந்தா மிச்ச வயலையும் வித்திருப்பாரு.”

அப்படிப்பட்டவரைத்தான் போன பிப்ரவரியில் வேகாஸுக்கு இழுத்துக்கொண்டு போனேன். மகள் ஃபீனிக்ஸில் இருக்கிறாள். அங்கிருந்து காரில் ஐந்து மணி நேரம். அவரைச் சரிக்கட்டியது நான் இல்லை, வழியில் இருக்கும் ஹூவர் அணை. மனிதர் மின்வாரியத்தில் ரிடையர் ஆனவர். 726 அடி உயர அணை, 17 பெரிய டர்பைன் என்று மருமகன் சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டி எட்டிப் பார்த்தார். நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் பாறையில் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும், தண்ணீர் முன்பு நின்ற மட்டம். அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அணை வேலை ஆரம்பித்ததும் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்ததும் ஒரே வருஷம், 1931. இதை மருமகன் சொன்னபோது, “அணையோட நிறுத்தியிருக்கலாம்” என்றார்.

சரி, ஊருக்கு வருகிறேன். போட்டோவில் நாம் பார்க்கும் அந்தப் பளபள தெரு, ஸ்ட்ரிப், லாஸ் வேகாஸ் நகர எல்லைக்குள்ளேயே இல்லை தெரியுமா? சட்டப்படி அதில் பெரும்பகுதி பாரடைஸ் என்ற தனிப் பகுதி. பார்டர் எப்போதோ மலைக்கு மேலே போய்விட்டாலும் எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பிரானூரை நாங்கள் இன்னும் பார்டர் என்றே சொல்லி அங்கே பார்டர் பரோட்டா தின்பது மாதிரி.

எனக்கு உண்மையில் பிடித்தது பெல்லாஜியோ ஓட்டல் வாசலில் நடக்கும் நீரூற்று. காசு கிடையாது. சாயங்காலத்துக்கு மேல் கால் மணிக்கு ஒரு தடவை, ஆயிரத்துக்கு மேற்பட்ட குழாய்கள் பாட்டுக்கு ஏற்ற மாதிரி பீய்ச்சி அடிக்கின்றன. குற்றாலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரியைத் தண்ணீர் காட்டி மயக்க முடியுமா என்று நினைத்துத்தான் போனேன். ஆனால் நமக்குத் தண்ணீர் மேலேயிருந்து விழுந்துதானே பழக்கம்? கீழேயிருந்து எழும்பி, ஒரு நொடி நின்று, அப்புறம் சரிவதைப் பார்க்க வேறு மாதிரி இருந்தது. நாலு ஆட்டம் பார்த்தேன். பாலைவனத்தில் இவ்வளவு தண்ணியை இப்படி விரயம் பண்ணலாமா என்று பக்கத்தில் ஒரு குரல் ஓடிக்கொண்டே இருந்தது. அது அங்கேயே இருக்கும் கிணற்றுத் தண்ணீர்தான் என்று மகள் சொன்ன பிறகு ஓய்ந்தது.

வெனீஷியன் ஓட்டலுக்குள் வாய்க்கால் வெட்டிப் படகு விடுகிறார்கள். கூரையில் வானம் வரைந்திருக்கிறார்கள், எந்நேரமும் சாயங்காலம். ஆலப்புழை பார்த்தவர்கள் படகுக்குப் பணம் கட்ட வேண்டாம். 2023-ல் திறந்த ஸ்ஃபியர் என்ற பெரிய உருண்டை அரங்கை வெளியே நின்று பார்த்தாலே போதும்.

இனிமேல் சொல்வதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

என் மாமனார் ஒரு சீட்டு வாங்க பஸ் ஏற வேண்டும், மலை ஏற வேண்டும், மாமியாரிடம் ஒரு பொய் சொல்ல வேண்டும். மழை பெய்தால் போகமாட்டார். அந்தத் தூரம் எங்கள் குடும்பத்தை எவ்வளவோ காப்பாற்றியிருக்கிறது என்பது எனக்கு வேகாஸில்தான் உறைத்தது. அங்கே தூரமே கிடையாது. ஓட்டல் வரவேற்பு மேசைக்குப் போக காசினோவை, அதாவது சூதாட்டக் கூடத்தை, கடக்க வேண்டும். லிஃப்டுக்கு, காப்பிக்கு, கழிப்பறைக்கு, எல்லாவற்றுக்கும் அந்தச் சூதாட்ட மெஷின்களுக்கு நடுவில்தான் வழி. உள்ளே சிகரெட் புகை வேறு. எங்கள் பேரன் ஒரு மெஷின் முன்னால் ஐந்து நொடி நின்றதும் காவலாள் வந்து நகரச் சொன்னார். 21 வயதுக்குக் கீழே நடந்து போகலாம், நிற்கக் கூடாது.

இரண்டாம் நாள் காலை, எல்லாரும் தூங்கும்போது, நான் ஒரு மெஷினில் 20 டாலர் போட்டேன். ‘ஒரு சென்ட்’ மெஷின் என்று எழுதியிருந்தது. ஒரு தட்டுக்கு 88 சென்ட் போகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது இழுக்கிற பிடியும் இல்லை, கொட்டுகிற காசும் இல்லை, சத்தம் மட்டும் ஸ்பீக்கரில். 88 போய் 30 சென்ட் திரும்பி வந்தாலும் ஏதோ கல்யாணம் மாதிரி மேளம் கொட்டுகிறது. ஏழெட்டு நிமிடத்தில் இருபதும் காலி. கை தானாகப் பைக்குள் அடுத்த இருபதைத் தேடியது. திரும்பினால் வீட்டுக்காரர் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. திட்டவில்லை. “அப்பா முகம் இப்படித்தான் இருக்கும்” என்றார், அவ்வளவுதான். நான் எழுந்து வந்துவிட்டேன். அன்று முழுக்க எனக்கு அவர் மேல்தான் கோபம், ஏனென்று கேட்காதீர்கள்.

அவர் சும்மா இல்லை. சக்கரத்தில் சுற்றும் உருண்டை எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் கட்டும் ரூலெட் மேசைப் பக்கம் நின்று அரைமணி நேரம் கணக்குப் பார்த்திருக்கிறார். அங்குள்ள சக்கரத்தில் 38 எண்கள். எல்லா எண்ணிலும் ஒவ்வொரு டாலர் வைத்தால் 38 போட்டாச்சு. விழுந்த எண்ணுக்கு 35-ம், வைத்த ஒன்றும் சேர்த்துக் கையில் வருவது 36. “ஏட்டி, ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு டாலர் மேசைக்காரனுக்கு. ஒளிவுமறைவே இல்ல, சக்கரத்துலயே எழுதி வச்சிருக்கான். அப்புறமும் நிக்கிறாங்க பாரு!” அதில் அவருக்கு ஒரு மரியாதைகூட வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆனால் பணத்தில் அடி வாங்கியது அவர்தான். மகள் கட்டிக் கொடுத்த தயிர்சாத டப்பாவை வைக்க, அறையிலிருந்த குட்டி ஃபிரிட்ஜிலிருந்து நாலு பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே சென்சார் இருக்கிறது, பாட்டிலை எடுத்தாலே கணக்கில் ஏறிவிடும். காலையில் ஐம்பது டாலருக்கு மேல் பில். மகள் போய்ப் பேசி அதை எடுக்க வைத்தாள். “ஆடாமலே தோத்தவன் நான் ஒருத்தன்தான்” என்று ஃபீனிக்ஸ் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

உங்களுக்கு நான் சொல்வது: போங்கள், ஆனால் ஒரு ராத்திரி போதும். நாங்கள் இரண்டு தங்கியது அதிகம். வெள்ளி, சனி வேண்டாம், வாரநாளில் அறை மலிவு. அந்த மலிவை நம்பியும் ஏமாற வேண்டாம். வாடகை போக ஓட்டல் தனியாக வாங்கும் ரிசார்ட் கட்டணம், வரி, கார் நிறுத்தும் காசு என்று தலையில் ஏறும், எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். கோடையில் 40 டிகிரிக்கு மேல் போகும், கால்வலிக்காரர்களுக்கு ஆகாது. பக்கத்தில் தெரிகிற கட்டடம் அரைமணி நடை. கணவர் ஆட ஆசைப்பட்டால் தொகையை முன்பே பேசி, அதை மட்டும் நோட்டாகக் கையில் கொடுங்கள், கார்டு உங்களிடம் இருக்கட்டும். காசினோ இல்லாத ஓட்டல்களும் அங்கே உண்டு, உங்கள் மனசுக்கு அதில் தங்குவது நல்லது. தூரம் கொஞ்சமாவது இருக்கும்.

இதை எழுதும்போது, இன்னொரு தடவை போவோமா என்று அவரிடம் கேட்டேன். “அணைக்குன்னா வாரேன்” என்றார்.