ஜாக்கலும் பியான்காவும் – கடிதம்

அன்புள்ள சார்,

எடி ரெட்மெயின் நடித்த ‘தி டே ஆஃப் தி ஜாக்கல்’ தொடரை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். பத்து பகுதிகள். கொலைகாரன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்றுதான் எங்கள் எல்லோருக்கும் பதைப்பு! அவனைத் துரத்தும் எம்.ஐ.6 (பிரிட்டிஷ் உளவுத்துறை) அதிகாரி பியான்கா வந்தாலே என் மகள் ‘ஐயோ, இந்தம்மாவா’ என்பாள். இணையத்திலும் பலர் இதையேதான் புலம்பியிருக்கிறார்கள். ஸ்பெயினில் அவன் மனைவி வரும் காட்சிகளை ஓட்டிவிட்டோம். 1973-இல் வந்த பழைய படத்தின் பக்கத்தில் இது நிற்குமா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் வீட்டில் நடந்தது 1973-லேயே தியேட்டரில் நடந்ததுதான். ஃப்ரெட் ஜின்னமன் இயக்கிய அந்தப் படத்தில், பிரெஞ்சு அதிபர் டி காலைக் கொல்லக் கூலி பேசப்பட்ட ஜாக்கல் ஒரு தர்பூசணியை மரத்தில் தொங்கவிட்டு, தூரத்திலிருந்து துப்பாக்கியைச் சோதிப்பான். சுடுவான், குறி விலகும். திருகை லேசாகத் திருப்பி மறுபடி சுடுவான். கடைசியில் வெடிக்கும் தோட்டாவைப் போட்டதும் பழம் சிதறும். யாருடைய தலைக்கான ஒத்திகை என்று தெரிந்தும் ‘குறி சரியாக அமையட்டும்’ என்று நமக்குத் தோன்றிவிடும். ஒருவன் தன் வேலையைச் சுத்தமாகச் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் மனம் அவனோடு போய்விடுகிறது.

ஆனால் அந்தப் படத்தில் எதிர்ப்பக்கமும் வேலை நடந்தது. ஜாக்கலைத் தேடும் லெபெல் என்ற சாதாரண பிரெஞ்சு போலீஸ்காரர் ஹோட்டல் பதிவுச் சீட்டுகளைத் தினமும் வரவழைத்துப் பார்ப்பார். லண்டனில், செத்துப்போன குழந்தையின் பெயரில் யாராவது பாஸ்போர்ட் வாங்கியிருக்கிறார்களா என்று விண்ணப்பங்களைக் கட்டுக்கட்டாகப் புரட்டுவார்கள். தூக்கம் கெட்ட முகங்கள். டி கால் 1970-இல் இயற்கையாக இறந்தவர், அவரை யாரும் சுட்டுக் கொல்லவில்லை என்று தெரிந்தே பார்க்கிறோம். அப்படியும் கை வேர்த்தது என்றால் காரணம் இரண்டு பக்க உழைப்பும் நம் கண் முன்னால் நடந்ததுதான்.

2024 தொடரில் உழைப்பு ஒரு பக்கம் மட்டும். ம்யூனிக்கில் கிழட்டுத் துப்புரவுத் தொழிலாளியாக வேஷம் போடுவது, பெட்டியைப் பிரித்துத் துப்பாக்கியாகப் பூட்டுவது, கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர் தூரத்திலிருந்து சுடுவது – ஜாக்கலின் ஒவ்வொரு அசைவுக்கும் கேமரா பொறுமை காட்டுகிறது. பியான்காவுக்கு? அலுவலகச் சண்டை, வீட்டுச் சண்டை. துப்பு கிடைப்பது பெரும்பாலும் யாரையாவது மிரட்டி. பியான்காவாக வரும் லஷானா லிஞ்ச் நல்ல நடிகை. அவருக்கு எழுதித் தந்தது அவ்வளவுதான். உங்கள் மகளின் எரிச்சல் அவர் மேல் போயிருக்க வேண்டாம். (முடிவை இங்கே நான் சொல்லப்போவதில்லை. பார்க்காதவர்கள் சாபம் விடுவார்கள்.)

பழைய படம்தான் மேல். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் மனைவி காட்சிகளை ஓட்டிவிட்டது சரியில்லை. இழுவைதான், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், கணவன் எங்கே போகிறான், ஏன் பொய் சொல்கிறான் என்று யோசித்து, வீட்டுக்குள்ளேயே அவன் ஒளித்து வைத்திருக்கும் அறைவரை போய்ச் சேருகிறாள் நூரியா. கையில் கோப்பு இல்லை, அதிகாரம் இல்லை. லெபெல் செய்த வேலையை இந்தத் தொடரில் செய்வது அவள்தான். அந்தப் பகுதியை மட்டுமாவது ஓட்டாமல் பாருங்கள்.