சித்தப்பாவின் கோபம் ரத்தத்தில் வந்ததா?

வணக்கம் சகோதரி. 15 வயதுப் பையன் தொட்டதற்கெல்லாம் சீறுகிறான், 'சித்தப்பா புத்தி' என்று வீட்டில் சொல்கிறார்கள், மரபணுச் சோதனை செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், காசுக்குக் கேடு.

'கோப மரபணு' என்று பேசப்படுவது எம்ஏஓஏ (MAOA) என்ற மரபணு. நியூசிலாந்தின் டனீடினில் 1972-73இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு, 2002இல் இதைப் பற்றி ஒரு முடிவை வெளியிட்டது. அந்த மரபணு மந்தமாக இயங்கும் ஆண்களில், சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களிடமே வன்முறை தூக்கலாகத் தெரிந்தது. அதே மரபணுவோடு நல்லபடி வளர்ந்தவர்களிடம் அப்படித் தெரியவில்லை. இதுவும் கூட்டத்துக்கான கணக்குதான். உங்கள் மகனுக்கு ஜாதகம் சொல்லாது.

உணர்ச்சிக்குக் கடிவாளம் போடும் முன்மூளை முதிர 20 வயதைத் தாண்டியும் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது முக்கியம். 2005இல் வெளியான ஓர் அமெரிக்கப் பரிசோதனையில், கணினியில் கார் ஓட்டிய பதின்வயதினர் நண்பர்கள் உடனிருந்தபோது துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள். நண்பர்கள் பார்க்கும்போது உங்கள் மகனும் துணிந்து சீறலாம், எனவே அவர்கள் முன்னால் கண்டிக்காதீர்கள். 'சித்தப்பா புத்தி' என்ற பேச்சையும் வீட்டில் நிறுத்தச் சொல்லுங்கள்.

அவன் போவதாக நீங்கள் எழுதியிருக்கும் விடியற்காலை 5 மணி டியூஷனையும் மாற்றப் பாருங்கள். இந்த வயதில் தூக்கம் வருவதே தாமதமாகத்தான், தூக்கம் குறைந்தால் எரிச்சல் கூடும். கைநீட்டினாலோ, தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ மனநல மருத்துவரிடம் உடனே அழைத்துச் செல்லுங்கள்.