பதினொரு பிரதிகள்

அன்புள்ள ஐயா,

இந்த ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு என் முதல் கவிதைத் தொகுப்பு வந்தது. காட்சி தொடங்கி நான்காம் நாள்தான் அரங்குக்கு வந்து சேர்ந்தது. அட்டையில் பசைகூடக் காயவில்லை. 37ஆம் பக்கத்துக் கவிதையின் கடைசி நான்கு வரிகள் 52ஆம் பக்கத்தில் இருந்தன. விடுப்பு எடுத்துக்கொண்டு ஐந்து மாலைகள் அரங்கிலேயே நின்றேன். பதினொரு பிரதிகள் விற்றன. ஏழு பேர் நண்பர்கள், இரண்டு பேர் உறவினர்கள். மீதி இரண்டு பேர்தான் தெரியாதவர்கள். அவர்களில் ஒருவர் 120 ரூபாய்ப் புத்தகத்துக்குக் கழிவு போக 108 என்றதும் 110 கொடுத்தார். கல்லாவில் சில்லறை இல்லை. என் சட்டைப் பையிலிருந்து இரண்டு ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். எதிர் அரங்கில் சமையல் புத்தகங்களுக்கு வரிசை நின்றது. ஊர் திரும்பும் பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது. இது புத்தகத் திருவிழாவா, சந்தையா? இதை ஏன் ஆண்டுதோறும் புகழ்ந்து எழுதுகிறீர்கள்?

செ., திருவண்ணாமலை

*

அன்புள்ள செ.,

சந்தைதான். 1977இல் அண்ணா சாலை மதரஸா-இ-ஆஸம் பள்ளியில் 22 கடைகளோடு தொடங்கியபோதும் சந்தைதான், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நூற்றுக்கணக்கான அரங்குகளாக நீண்டு கிடக்கும் இன்றும் சந்தைதான். நடத்துகிற பபாசியின் முழுப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்: தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர்கள் மற்றும் பதிப்பாளர்கள் சங்கம். புத்தக விற்பனையாளர்கள் வருகிறார்கள், பதிப்பாளர்கள் வருகிறார்கள், எழுத்தாளர் வருவதில்லை. நீங்களும் நானும் அங்கே விருந்தாளிகள். விருந்தாளி ஐந்து நாள் கல்லாப் பக்கத்திலேயே நின்றால் வீட்டுக்காரருக்கும் சங்கடம், வருகிறவருக்கும் சங்கடம்.

பசை காயாத அட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன். பதிப்பாளர் மீது கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அவர் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். கடைக்குப் புத்தகம் அனுப்பினால் விலையில் மூன்றில் ஒரு பங்கு கழிவாகப் போய்விடுகிறது. மீதிப் பணம் வர மாதங்கள் ஆகும். அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணையை நம்பினால் வருடங்களே ஆகலாம். புத்தகக் காட்சியில் மட்டும்தான் அன்றைய விற்பனை அன்று மாலையே கையில் பணமாக இருக்கிறது. அதனால் பன்னிரண்டு மாதங்களில் வர வேண்டிய புத்தகங்கள் எல்லாம் டிசம்பர் கடைசியில் ராயப்பேட்டை, திருவல்லிக்கேணி அச்சகங்களின் வாசலில் வந்து முட்டிக்கொள்கின்றன. அந்த நெரிசலில் முதலில் மிதிபடுவது மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கும் வேலை. உங்களுடைய நான்கு வரிகளும் அங்கேதான் தவறி விழுந்திருக்கும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். “ஜனவரிக்குள் வந்துவிடுமா?” என்று அவரிடம் எத்தனை முறை கேட்டீர்கள்? நான் கேட்டிருக்கிறேன். போன் செய்து, செய்தி அனுப்பி, ஒருமுறை நேரிலேயே போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஏப்ரலில் வந்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை. அப்படி அவசரப்படுத்தி வாங்கிய அந்தப் புத்தகத்தில் என் ஊரின் பெயரே பிழையாக இருக்கிறது.

அரங்கில் நிற்பதைப் பற்றியும் எனக்கு ஓர் அனுபவம் உண்டு. காட்சி அண்ணா சாலை காயிதே மில்லத் கல்லூரி மைதானத்தில் நடந்துகொண்டிருந்த காலம். என் முதல் தொகுப்பை ஒருவர் கையில் எடுத்தார். ஐம்பது வயது இருக்கும். தோளில் ஜோல்னாப் பை. முதல் பக்கத்தைப் படித்தார். பை நழுவியது, மேலே இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றார். மூன்றாம் பக்கம். எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய், “நான் எழுதியதுதான் சார்” என்றேன். அவ்வளவுதான். திடுக்கிட்டவர் போலப் புத்தகத்தை மூடினார். எடுத்த இடத்திலேயே, ஓரம் பிசகாமல் வைத்தார். “நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது” என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் நான்காம் பக்கத்துக்குப் போயிருப்பார். அதன் பிறகு என் புத்தகம் இருக்கிற அரங்கில் நான் நின்றதில்லை. அந்த வரிசையையே சுற்றிக்கொண்டு போவேன்.

பதினொன்று என்ற எண் உங்களை உறுத்துகிறது. ஒரு காலத்தில் தமிழில் முதல் பதிப்பு 1200 பிரதிகள் என்பது வழக்கமாக இருந்தது. அதைக் கேட்டால் பெருமையாக இருக்கும். அதில் பெரும்பகுதி நூலகங்களுக்குப் போனது. யார் படித்தார் என்று எழுதியவருக்குத் தெரியாது. இன்று தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்துவிட்டதால் நூறு, இருநூறு என்று போடுகிறார்கள். உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும். ஒன்பது பேரை ஒதுக்கிவிடுங்கள். அவர்கள் வாங்கியது உங்களுக்காக. மீதி இரண்டு பேர் கவிதைக்காக வாங்கினார்கள். அதிலும் அந்த 110 ரூபாய்க்காரர் சில்லறை இல்லை என்றதும் புத்தகத்தை வைத்துவிட்டுப் போகவில்லையே, நின்றாரே! அந்த இரண்டு ரூபாயைப் பற்றி நீங்கள் வருத்தமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, மன்னிக்கவும். தமிழில் எழுத்தாளர் வாசகருக்கு ராயல்டி கொடுத்த அரிய நிகழ்ச்சி அது.

சமையல் புத்தகத்துக்கு வரிசை நின்றால் நிற்கட்டும். அது விற்ற பணத்தில்தான் பல பதிப்பகங்களில் கவிதை அச்சாகிறது.

புகழ்ந்து எழுதுவதாகச் சொன்னீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பல பதிப்பகங்களின் கிடங்குகளில் தண்ணீர் புகுந்தது. அடுத்த ஜனவரியில் காட்சி நடக்கவில்லை. ஜூன் வெயிலில் தீவுத்திடலில் நடத்தினார்கள். நனைந்து காய்ந்து விசிறிபோல விரிந்துவிட்ட பிரதிகளை ஒரு பதிப்பாளர் கீழ்த்தட்டில் தனியாக அடுக்கி வைத்திருந்தார். விலை எதுவும் எழுதவில்லை. கேட்டேன். “கொடுப்பதைக் கொடுங்கள்” என்றார். இந்தப் பதினைந்து நாள் வியாபாரம் அவர்களுக்கு என்னவென்று அன்று புரிந்தது. அதன் பிறகு கேலி செய்து எழுத மனம் வரவில்லை.

அடுத்த ஆண்டு வாசகராகப் போங்கள். பொங்கல் விடுமுறை வேண்டாம். கூட்டம் தள்ளிக்கொண்டே வாசலுக்குக் கொண்டுபோய்விடும். வேலை நாளில், பிற்பகலில், கதவு திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள். புதிய புத்தகங்களைக் கண் உயரத்தில் வைத்திருப்பார்கள். அவை எங்கேயும் கிடைக்கும். நீங்கள் குனிந்து கீழ்த்தட்டைப் பாருங்கள். முப்பது வருடத்துக்கு முன் அச்சாகி, அட்டை வெளுத்து, விலை ரூ. 18 என்றே கிடக்கிற கவிதைத் தொகுப்புகள் அங்கே இருக்கும். சிலர் அதே விலைக்கே கொடுக்கிறார்கள். எந்தக் கடையிலும், எந்த இணையப் பட்டியலிலும் அவற்றைப் பார்க்க முடியாது. முழங்கால் வலிக்கும். பரவாயில்லை, உங்களுக்கு வயது இருக்கிறது.

உங்கள் புத்தகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நந்தனத்தில் விற்காதவை அதே பெட்டிகளில் லாரி ஏறும். ஆகஸ்டில் ஈரோடு, அப்புறம் மதுரை தமுக்கம் என்று சுற்றும். இப்போது மாவட்டந்தோறும் அரசே நடத்துவதால் உங்கள் ஊருக்கும் வந்து இறங்கலாம். அங்கேயும் போய் நிற்காதீர்கள்.

எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். 120 ரூபாயும் தபால் செலவும் தருகிறேன், கழிவு வேண்டாம். அனுப்பும் முன் 37ஆம் பக்கத்தில் அந்த நான்கு வரிகளை உங்கள் கையால் எழுதிவிடுங்கள். 52ஆம் பக்கத்தில் அடிக்க வேண்டாம். அங்கே அவை எப்படி இருக்கின்றன என்றும் படித்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது.