யாருடைய ஐஸ்?

அன்புள்ள அண்ணா,

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். ‘சூப்பர் டீலக்ஸ்’ பார்த்த நாளிலிருந்து, அதுபோலப் பல கதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் டார்க் காமெடி ஒன்று எழுத வேண்டும் என்று ஆசை. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே ஒரே நாளில் நடக்கிறது. மாமனாரைப் புதுச்சேரி லாட்ஜில் வைத்து வீட்டை எழுதி வாங்கப் பார்க்கிறான் ஒரு மருமகன். அவர் அங்கேயே இறந்துவிட, உயிரோடு இருப்பதுபோல காரின் முன்சீட்டில் உட்காரவைத்து ஊருக்குக் கொண்டுவருகிறான். கல்யாண வீட்டுக்கு பாட்டில் கடத்தும் பையன் ஒருவன். மறுநாள் ரிட்டயர் ஆகப்போகும் ஏட்டு. காமெடிக்கு ஒரு மீன்கார அம்மா. கடைசியில் நால்வரும் சில்வர் பீச்சில் சந்திக்கிறார்கள், துப்பாக்கிச் சூடு. நாலு கதை போதுமா, ஐந்தாவது வேண்டுமா? எந்த சாஃப்ட்வேரில் எழுதலாம்? முன்பின்னாகக் கலைத்துச் சொன்னால் எடுபடுமா?

க., கடலூர்

அன்புள்ள க.,

சாஃப்ட்வேர் எதுவானாலும் சரி, நோட்டுப் புத்தகமும் போதும். துப்பாக்கியை எடுத்துவிடுங்கள். கடலூரில் ஒரு மருமகன் கைக்குத் துப்பாக்கி எப்படி வந்தது என்று சொல்லவே இரண்டு காட்சி வீணாகும். நாளை ரிட்டயர் ஆகும் ஏட்டையும் பார்த்துப் பார்த்துச் சலித்தாயிற்று. செக்போஸ்டில் ஒரு ஏட்டு தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டு நிற்கட்டும். ஆக, மூன்று கதை. இரண்டேகால் மணி நேரப் படத்தில் ஒரு கதைக்கு முக்கால் மணி, அதாவது பன்னிரண்டு முதல் பதினைந்து காட்சி கிடைக்கும். ஒவ்வொன்றும் தனியாக எடுத்தாலும் ஒரு சிறுகதையாக நிற்க வேண்டும். ஐந்தாவது பேச்சே வேண்டாம்.

உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ‘காமெடிக்கு ஒரு மீன்கார அம்மா’ என்ற வரி. இந்த வகைப் படங்களைப் பற்றிக் கொஞ்ச காலமாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் அங்கேதான் இருக்கிறது. என் கோபமும் அங்கேதான்.

கதைகள் வெட்டிக்கொள்வது என்றால் ஆட்கள் ஒரே சிக்னலில் நிற்பதோ, ஒரே டீக்கடையில் டீ குடிப்பதோ, கடைசியில் ஒரே கடற்கரைக்கு வந்து சேர்வதோ என்று பலரும் நினைக்கிறார்கள். அதெல்லாம் ஊர் சின்னது என்பதை மட்டுமே காட்டும். ஒருவன் தன் அவசரத்துக்குச் செய்த காரியம், அவனுக்குத் தெரியாமலே இன்னொருவர் பிழைப்பில் போய் விழ வேண்டும். விழுந்தது எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியக்கூடாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் பார்வையாளர். அவருக்கு வரும் சிரிப்பில் ஒரு குற்ற உணர்வும் கலந்திருக்கும். இந்த வகைப் படத்தின் உயிர் அது.

நீங்கள் சொன்ன படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பையன்களின் கதை ஒரு டிவியைச் சுற்றி ஓடுகிறது. அந்தக் கதையிலிருந்து கிளம்பிய டிவிதான் பெர்லின் என்ற போலீஸ்காரன் தலையில் விழுகிறது. தற்செயல்தான், ஆனால் டிவி என்ற பொருளோடு நாம் அதற்குள் வெகுநேரம் பழகிவிட்டோம். இன்னொன்றையும் கவனியுங்கள். பெர்லின் செத்ததால், அவனிடம் மாட்டிய தம்பதி வேம்புவும் முகிலும் அவனிடமிருந்துதான் தப்பிக்கிறார்கள். அவர்கள் கல்யாணத்துக்குள் இருந்த கேள்விக்கு டிவி பதில் சொல்லவில்லை, அதை அவர்களே பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. தற்செயல் சிக்கலைக் கொண்டுவரலாம், ஆளைக்கூடக் கொல்லலாம். மனதுக்குள் இருக்கும் முடிச்சை மட்டும் அது அவிழ்க்கக்கூடாது.

இப்போது உங்கள் மாமனாரிடம் வருவோம். அவர் எத்தனை மணிக்கு இறந்தார்? கடிதத்தில் இல்லை. இதை முடிவு செய்யாமல் ஒரு காட்சியும் எழுத முடியாது தம்பி. நம் வெயில் ஊரில் ஓரிரு மணி நேரத்திலேயே உடல் விறைக்க ஆரம்பிக்கும். முதலில் கண்ணிமை, தாடை, கழுத்து, பிறகு கை, கடைசியில் கால். செத்த வீட்டில் வாய்க்கட்டும் கால் கட்டைவிரல் கட்டும் உடனே போடுவது இதனால்தான். நேரம் போனால் திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிடும். ராத்திரி பதினோரு மணிக்கு இறந்தவரைக் காலை ஆறு மணிக்குப் பார்த்தால், நீட்டிப் படுத்த உடலை மடக்கி முன்சீட்டில் உட்காரவைக்க முடியாது. ஆகவே ஐந்து மணிக்கு இறக்கட்டும், அரை மணிக்குள் மருமகன் பார்க்கட்டும். அப்போது உட்காரவைக்கலாம்.

அங்கிருந்து வழி: அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில், முள்ளோடை. அதைத் தாண்டினால் தமிழ்நாடு. பெண்ணையாற்றுப் பாலம், பிறகு ஆல்பேட்டை செக்போஸ்ட். சாதாரண நாளில் ஒரு மணி நேரம்கூட ஆகாது, உங்கள் கதைக்கு அது போதாது. மாசி மகத்தன்று வையுங்கள். அன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகன், தீவனூர்ப் பிள்ளையார் என்று சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். கடலூர்த் தேவனாம்பட்டினத்திலும் அதே கூட்டம். கார் ஊர்ந்து ஊர்ந்து பத்து மணிக்கு மஞ்சக்குப்பம் வரும்போது மாமனார் உட்கார்ந்த நிலையிலேயே விறைத்திருப்பார். கட்டிலில் கிடத்தினால் முழங்கால் மேலே தூக்கி நிற்கும். (அந்த ஆண்டில் அன்று அரசு அலுவலகங்களுக்கு உள்ளூர் விடுமுறை உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு அலுவலகம் உங்களுக்கு வேண்டும்.)

பிணத்தைக் காட்டிப் பத்திரம் பதிய முடியாது. எழுதிக் கொடுப்பவர் கேமரா முன் உட்கார வேண்டும், விரல்ரேகை வைக்க வேண்டும், சார்பதிவாளர் கேட்டால் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். நடமாட முடியாதவருக்காக வீட்டுக்கே வந்து பதியப் பதிவுச் சட்டத்தில் இடம் உண்டு. மருமகன் அதற்கு முன்கூட்டியே மனு கொடுத்திருக்கட்டும். காலை பதினொன்றுக்கு வருவதாக இருந்த அதிகாரி மாலை மூன்று மணிக்கு வருகிறேன் என்கிறார். பவர் பத்திரம் இருந்தாலும் உதவாது, கொடுத்தவர் செத்ததும் அதுவும் செத்துவிடும்.

ஆனால் இதற்குள் ஒரு அழகான கண்ணி இருக்கிறது. முந்தின ராத்திரியே மாமனார் செட்டில்மென்ட் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், அவர் இறந்த பிறகும் பதிய வழி உண்டு. வாரிசுகள் நேரில் வந்து ‘இது அவர் கையெழுத்துதான்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதாவது மருமகனின் மனைவிக்கு அக்காவான மூத்த மகள் வர வேண்டும், யாரை ஏமாற்ற இவ்வளவும் நடக்கிறதோ அவளே. மறுபக்கம், வேறொரு கிழவரைக் கட்டிலில் படுக்கவைத்தால் ஆள்மாறாட்டம், ஏழு ஆண்டு வரை சிறை. ஜெயிலா, மச்சினியின் காலா? மருமகனின் முக்கால் மணி நேரக் கதை இது. அந்தப் பத்திரத்துக்கு இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வேண்டும். ஒன்றைப் பக்கத்து அறையில் தங்கிய பாட்டில் பையன் போட்டிருக்கட்டும். காலையில் அவன் ஆல்பேட்டையில் மதுவிலக்குப் போலீஸிடம் சிக்கினால், மருமகனுக்கு வேண்டிய சாட்சி ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பான். ஏட்டு தெரியாமல் செய்த காரியம் வந்து விழுகிறது பாருங்கள்.

இப்போது ஐஸ். மூன்று மணிவரை உடலைக் காப்பாற்ற வேண்டும். ஃப்ரீசர் பாக்ஸ் வரவழைத்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். மருமகன் வாசலில் ஐஸ் பார் ஏற்றிக்கொண்டு போகும் குட்டியானையை நிறுத்தி, டிரைவர் கையில் இரட்டிப்புப் பணம் வைத்து இறக்கிக்கொள்கிறான். அது முதுநகர் துறைமுகத்திலிருந்து மீன்கார அம்மாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஐஸ்.

அந்த அம்மாவின் பக்கம் போய் நில்லுங்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும் என்பது அவருக்குக் கைக்கணக்கு. பெட்டியில் அடியில் ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ். உருகிய தண்ணீர் தேங்காமல் ஓட்டை வழியே வடிய வேண்டும், தேங்கினால் கீழ் அடுக்கு ஊறிக் கெடும். ஐஸ் வராத அன்று முதலில் போவது மத்தியும் கானாங்கெளுத்தியும். செவுள் சிவப்பு மங்கிப் பழுப்பாகும், கண் உள்ளே போகும், விரலால் அழுத்தினால் குழி எழும்பாது. பத்து மணிக்கு விலை பேசியவர் பன்னிரண்டு மணிக்குப் பாதி விலைக்கும் வாங்கமாட்டார். வட்டிக்கு வாங்கிய பணத்தில் எடுத்த மீன். யாரோ ஒருவரின் வீட்டுக்காக ஒரு பெண்ணின் அன்றைய நாள் மொத்தமும் அழுகுகிறது, யாரால் என்று அவருக்குத் தெரியவே போவதில்லை. இந்த மனுஷியைத்தானா காமெடிக்கு என்று எழுதினீர்கள்? உங்கள் மூன்று கதையிலும் செத்த உடல் கெடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவரை வைத்துச் சிரிக்கக்கூடாது, பிணத்தை வைத்தும் கூடாது. முழங்காலை நீட்டப் பார்த்து வியர்த்துப்போகும் மருமகனை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரியுங்கள்.

வேலைமுறைக்கு வருகிறேன். ஒரு பெரிய சார்ட் பேப்பரை எடுத்து, மேலிருந்து கீழாகக் காலை ஐந்து முதல் மாலை ஆறு வரை கால் மணிக்கு ஒரு கோடு போடுங்கள். குறுக்கே ஆளுக்கு ஒரு பத்தி. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றே விஷயம்: எங்கே இருக்கிறார், கையில் என்ன இருக்கிறது, அவருக்கு என்ன தெரியும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு எடிட்டிங்கில் உட்கார்ந்து, தெரியாத விஷயத்தை ஒரு ஆள் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் தலையில் கை வைப்பார்கள். கட்டங்கள் நிரம்பியதும் ஒவ்வொன்றையும் பார்த்து ‘இவர் ஏன் போன் செய்யவில்லை?’ என்று கேளுங்கள். பத்தில் எட்டுத் திரைக்கதை இந்தக் கேள்வியில் உடையும். சார்ஜ் போய்விட்டது என்பதை ஒருமுறைதான் சொல்லலாம். போன் செய்தால் பொய் வெளியே வரும் என்ற காரணத்தை எத்தனை முறையும் பயன்படுத்தலாம்.

முன்பின்னாகக் கலைப்பது பற்றி: இந்தத் தாள் நேர்வரிசையில் நிற்காமல் கலைக்காதீர்கள். நேராகச் சொன்னால் ஓடாத கதை கலைத்தால் குழம்பும், அவ்வளவுதான். முதல் இருபது நிமிடத்துக்குள் மூன்று கதைக்கும் வெட்டுப்படாத நீளமான காட்சி ஒவ்வொன்று கொடுங்கள். பிறகு எந்தக் கதையையும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் மறக்கவிடாதீர்கள். ஒரு கதையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கதவு தட்டும் சத்தத்தில் வெட்டாதீர்கள், ஆள் ஒரு முடிவெடுத்த நொடியில் வெட்டுங்கள். டிரைவர் பணத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்ததும் வெட்டி, காலிப் பெட்டியோடு காத்திருக்கும் அம்மாவிடம் போகலாம்.

கடற்கரை வேண்டாம். மூன்று மணிக்குள் மூத்த மகள் வீட்டுக்கு வரட்டும். அப்பாவின் பாதத்தைத் தொடுவாள், ஐஸில் கிடந்த கால். ‘எப்போதிலிருந்து?’ என்று கேட்பாள். ஐந்து மணி என்றால் பத்து மணி நேரம் தனக்குச் சொல்லவில்லை என்று ஆகும், பத்திரம் போகும். இப்போதுதான் என்றால் அந்தக் குளிர்ச்சிக்குக் காரணம் சொல்ல வேண்டும். மருமகன் எந்த நேரத்தைச் சொல்கிறான் என்பதை முதலில் எழுதுங்கள். மற்றக் காட்சிகளை அங்கிருந்து பின்னோக்கிக் கட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்.